சூப்பர்மேனை அண்ணன்மாருக்குப் பக்கத்தில் நிறுத்திப் பாருங்கள்

சூப்பர்ஹீரோ கதையை ஆராயும் கொங்கு மாணவர்களே, முதலில் 'நாயகனுக்கு வயதாகிறதா?' என்று கேளுங்கள். 1938இல் அறிமுகமான சூப்பர்மேன் இன்றும் இளைஞன்தான். அடுத்த இதழ் விற்க வேண்டுமே! இத்தாலிய அறிஞர் உம்பர்த்தோ எக்கோ 1962இல் சுட்டிக்காட்டியது இதைத்தான்: புராண நாயகனின் கதை முடிந்துபோனது, இவனுடையதோ முடியவே கூடாது. நம் உடுக்கைப் பாட்டில் அண்ணன்மாரான பொன்னரும் சங்கரும் படுகளத்தில் வீழ்கிறார்கள், தங்கை தங்காள் கதறுகிறாள். முடிவு தெரிந்தும் ஊரே விடிய விடியக் கேட்கிறது. எனக்கு இன்றும் அந்த இடத்தில் தொண்டை அடைக்கும். இந்த வேறுபாட்டை விரித்தாலே பாதிக் கட்டுரை தேறிவிடும்.

பிறகு, நாயகன் எதைக் காக்கிறான் என்று பாருங்கள். சூப்பர்மேன் பெரும்பாலும் பிறர் சொத்தைத் திருடர்களிடமிருந்து காக்கிறான் என்கிறார் எக்கோ. அண்ணன்மார் காப்பது தங்கள் மண்ணையும் குலப்பெருமையையும்.