பதிப்பகம் மூடியபின் என் நாவலை மீட்ட கதை

என் நாவலைப் போட்ட சிறு பதிப்பகம் போன வருடம் கடையைக் கட்டியது. மறுபதிப்பை நானே கொண்டுவர நினைத்தேன். உரிமையில் சிக்கல் இல்லை. ஒப்பந்தத்தில் காலவரை எழுதவில்லை. அப்படியானால் 1957 பதிப்புரிமைச் சட்டம் 19(5)-இன்படி 5 ஆண்டுதான் செல்லும். நான் ஒப்பந்தம் போட்டு 8 ஆண்டு ஆகியிருந்தது.

நாட்களைத் தின்றது கோப்புதான். பக்க வடிவமைத்தவரிடம் கிடைத்தது பாமினி எழுத்துருவில் (ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவங்களை வைத்த பழைய எழுத்துரு) இருந்த பேஜ்மேக்கர் என்ற பக்க வடிவமைப்பு மென்பொருளின் கோப்பு. திறந்தால் ஒரே ஆங்கில எழுத்துக் குப்பை. புத்தகத்தை ஸ்கேன் செய்து, படத்திலிருந்து எழுத்தைப் படித்தெடுக்கும் ஓசிஆரில் ஓட்டினேன். ஒற்றுப் புள்ளிகள் பாதி காணோம். சரி என்று பாமினிக் கோப்பையே எழுத்துரு மாற்றும் இணைய மாற்றி ஒன்றில் போட்டு, இன்று எல்லாக் கணினியிலும் செல்லும் யூனிகோடு ஆக்கினேன். மேலோட்டமாகப் பார்க்க ஒழுங்காகத்தான் இருந்தது. ஆனால் 'வெள்ளம்' என்று தேடினால் ஒன்றுகூட அகப்படவில்லை. கதையே வெள்ளத்தைப் பற்றியது!

மூன்றாம் நாள்தான் பிடிபட்டது. பாமினியில் ஔகாரக் குறியின் வாலுக்கும் 'ள' எழுத்துக்கும் ஒரே விசை. அந்த இணைய மாற்றி 'வெள்ளம்' என்பதை 'வௌ்ளம்' ஆக்கியிருந்தது. 'வெளி', 'தெளிவு' எல்லாவற்றுக்கும் இதே கதி. சின்ன எழுத்தில் கண்ணுக்கே தெரியாது.

நோட்பேட் பிளஸ் பிளஸ் என்ற உரைத் திருத்தியில் ஔகாரக் குறியை மட்டும் தேடி, எல்லா இடத்திலும் எகரக் கொம்பும் 'ள'வுமாக மாற்றினேன். அப்புறம் மௌனம், கௌரவம், பௌர்ணமி போன்ற அசல் ஔகாரச் சொற்களைக் கையால் திருப்பினேன். 40 இடம்கூட வரவில்லை.

பழைய ஐஎஸ்பிஎன் (புத்தகத்தின் அடையாள எண்) அந்தப் பதிப்பகத்துடையது, பயன்படுத்தக் கூடாது. புதிய எண்ணை ராஜா ராம்மோகன் ராய் தேசிய ஐஎஸ்பிஎன் முகமையில் இலவசமாகவே வாங்கினேன்.