ஏரிக்குள் மரக்கன்று நடுவதற்கு முன்: காட்டுயிரைக் காக்க வருபவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மதுரைப் பக்கம் ஒரு கண்மாயின் உள்வாயில், ஆனி மாதத்து ஞாயிற்றுக்கிழமை ஒன்றில், நாங்கள் 40 பேர் சேர்ந்து 300 கன்றுகள் நட்டோம். புங்கன், நாவல், மருது. கடப்பாரை பிடித்துக் கை கொப்பளித்ததில்கூட ஒரு சந்தோஷம். மறுவாரம் தண்ணீர் ஊற்றப் போனபோது, அங்கே மாடு மேய்த்துக்கொண்டிருந்த பெரியவர் கேட்டார்: "ஏந்தம்பி, இம்புட்டு மரத்தையும் இங்கனயே வச்சுப்புட்டா ஆள்காட்டி எங்கிட்டு முட்டை வைக்கும்?"

எனக்கு முதலில் புரியவில்லை. பத்தடி தள்ளிக் கூட்டிப்போய்த் தரையைக் காட்டினார். காய்ந்த சேற்றில் மாட்டுக் குளம்பு பதிந்த பள்ளம். அதில் கூழாங்கல்போல மண் நிறத்தில், கருப்புத் திட்டுகளோடு நான்கு முட்டைகள். கூடு என்று ஒன்றும் இல்லை. சுற்றி நாலைந்து சரளைக் கற்கள், அவ்வளவுதான். நாங்கள் தோண்டிய குழி ஒன்று அதிலிருந்து இரண்டு முழ தூரத்தில் இருந்தது. தலைக்கு மேலே இரண்டு ஆள்காட்டிகளும் கத்திக்கொண்டே வட்டமடித்தன. போன வாரமும் அவை அப்படித்தான் கத்தியிருக்கும். நாங்கள் மண்வெட்டிச் சத்தத்தில் இருந்தோம்.

அந்த ஆண்டிலிருந்துதான் நான் எதையும் நடுவதற்கு முன் பார்க்கக் கற்றுக்கொண்டேன். தமிழ்நாட்டில் இன்று ஆர்வத்துக்குப் பஞ்சமில்லை. ஏரி சுத்தம் செய்ய, ஆமை நடைக்கு, பறவை பார்க்க, மலையேற என்று வார இறுதியில் கிளம்புகிறவர்கள் ஒவ்வொரு மாவட்டத்திலும் இருக்கிறார்கள். உலக அளவில் முக்கியமான நீர்நிலைகளைச் சேர்க்கும் ராம்சர் பட்டியலில் 2022 பாதி வரை நம் மாநிலத்துக்கு இருந்தது கோடியக்கரை ஒன்றுதான். 2025-இல் அது 20 ஆகிவிட்டது. இத்தனை கைகள் சேரும்போது, தவறும் இத்தனை கைகளால் நடக்கும். நான் செய்ததும் பக்கத்தில் நின்று பார்த்ததுமான சில தவறுகளை இங்கே எழுதுகிறேன்.

ஏரியை அண்டா ஆக்குவது

எல்லாவற்றிலும் பெரிய தவறு இது. தூர்வாருதல் என்றதும் பொக்லைனை இறக்கி, ஏரியின் ஒரு கரையிலிருந்து மறுகரை வரை ஒரே ஆழமாகத் தோண்டி, அந்த மண்ணைச் செங்குத்தாகக் கரையில் குவித்து, மேலே நடைபாதை போட்டுவிடுகிறோம். தண்ணீர் நிறைய நிற்கும், பார்க்க அழகாகவும் இருக்கும். ஆனால் பறவைகளில் பெரும்பாலானவை அங்கே நிற்க முடியாது.

ஒரு நல்ல கண்மாயின் தரை சாய்த்து வைத்த தட்டைப் போன்றது: மடைப்பக்கம் ஆழம், உள்வாய்ப் பக்கம் மெல்ல மெல்லச் சரிவு. சின்ன உள்ளான்கள் ஈரச் சேற்றிலும் விரற்கடை ஆழத் தண்ணீரிலும்தான் இரை தேடும். பவளக்காலிக்குக் கால் நீளம், ஒரு சாண் தண்ணீர் வரை இறங்கும். கொக்கும் நாரையும் அதைவிடச் சற்று ஆழத்தில் நிற்கும். நீர்க்காகமும் முக்குளிப்பானும்தான் ஆழத்தில் முங்கி மீன் பிடிப்பவை. ஏரியைச் சமமாகத் தோண்டினால் கடைசி இரண்டு மட்டும் மிஞ்சும். வடக்கிலிருந்து ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் பறந்து வரும் உள்ளான் ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு வேறு இடம் பார்த்துப் போய்விடும்.

கோடையில் வறண்டு கிடக்கும் ஏரி செத்துப்போன ஏரி இல்லை. ஆள்காட்டிக்கு அதுதான் பிள்ளை வளர்க்கும் இடம். மாட்டுக்கு மேய்ச்சல். அடுத்த மழைக்கு முளைக்கக் காத்திருக்கும் கோரையின் கிழங்கு அந்த மண்ணுக்குள்தான் இருக்கிறது. எனவே தூர்வாரியே ஆகவேண்டும் என்றால் மடைப்பக்கத்தை ஆழமாக்குங்கள், உள்வாய்ச் சரிவைத் தொடாதீர்கள். விவசாயிகள் வண்டல் அள்ளுவதும் முன்பெல்லாம் அப்படித்தான் நடந்தது. மேலாக வழித்து எடுத்தார்களே தவிரக் கிணறு வெட்டவில்லை.

மரம் நடுவதற்கும் இதே கணக்கு. வேட்டங்குடி, கூந்தன்குளம் பறவைச் சரணாலயங்களில் தண்ணீருக்குள் நிற்கும் நாட்டுக் கருவேல மரங்களில்தான் நாரைகள் கூடு கட்டுகின்றன, அது உண்மை. அதற்காக எல்லா ஏரியிலும் திட்டுப் போட்டு மரம் வைக்க வேண்டும் என்பதில்லை. திறந்த வெளி வேண்டிய பறவைகளும் உண்டு. சீமைக் கருவேலத்தை அகற்றும்போதும் அவசரம் வேண்டாம். வேறு மரம் இல்லாத ஊர்களில் கொக்குகள் அதிலேயே கூடு வைத்திருக்கும். குஞ்சு பறந்த பிறகு, பகுதி பகுதியாக, பதில் மரம் வளர வளர வெட்டுவதுதான் முறை.

மலையில் இந்தத் தவறு இன்னும் கனமானது. நீலகிரியிலும் பழனி மலையிலும் சோலைக்கு நடுவே விரிந்து கிடக்கும் புல்வெளியைப் பார்த்து "காலியாகக் கிடக்கிறதே" என்று நினைத்துத்தான் சீகை (வாட்டில்), தைலம், பைன் என்ற அந்நிய மரங்களைப் பல்லாண்டுகளாக நட்டார்கள். வரையாடு புல்வெளி விலங்கு. மரத்தோப்புக்குள் அதற்கு வாழ்க்கை இல்லை. நம் மாநில விலங்கான அதற்குத் தனித் திட்டம் வந்து, ஒரே நேரத்தில் கணக்கெடுத்ததில் 2024-இல் 1,031, 2025-இல் 1,303 வரையாடுகள் தெரியவந்தன. அவற்றுக்காக ஏதாவது செய்ய விரும்புகிறவர்கள் மலைக்குக் கன்று தூக்கிக்கொண்டு போகாமல், அந்நியக் களைகளைப் பிடுங்கும் பணியில் வனத்துறை அழைக்கும்போது சேர்ந்துகொள்ளலாம்.

காகத்தை எழுதாமல் விடுவது

பொங்கல் விடுமுறையில் 2015 முதல் பறவைகள் கணக்கெடுப்பு நடக்கிறது. வனத்துறையின் ஒருங்கிணைந்த கணக்கெடுப்பு தனியாக, நீர்நிலைகளுக்கு ஒரு முறை, நிலப்பகுதிகளுக்கு ஒரு முறை என்று நடக்கிறது. இரண்டிலும் யாரும் சேரலாம். வீட்டு மாடியில் 15 நிமிடம் நின்றாலே பொங்கல் கணக்கெடுப்புக்கு ஒரு பட்டியல் ஆகிவிடும். புதிதாக வருகிறவர்களின் பட்டியலைப் பார்த்தால் மாங்குயில் இருக்கும், பொன்முதுகு மரங்கொத்தி இருக்கும். காகம் இருக்காது, மைனா இருக்காது. "அதையெல்லாம் எதுக்குங்க எழுதணும்?" என்று கேட்பார்கள்.

பாறுகளை, அதாவது பிணந்தின்னிக் கழுகுகளை, நினைத்துப் பாருங்கள். ஊருக்கு வெளியே செத்த மாடு கிடந்தால் பாறுகள் மொய்த்த காலத்தை நம் தாத்தாக்கள் பார்த்திருக்கிறார்கள். எங்கும் இருக்கும் பறவை என்பதால் யாரும் எண்ணவில்லை. 1990-களில் மாடுகளுக்குப் போட்ட டைக்ளோஃபினாக் என்ற வலி மருந்து, அந்த மாடுகளின் பிணத்தைத் தின்ற பாறுகளின் சிறுநீரகத்தைக் கெடுத்து, இந்தியா முழுக்க அவற்றைக் கொன்று தீர்த்தது. கால்நடைக்கு அந்த மருந்து 2006-இல் தடை செய்யப்படுவதற்குள் நூற்றில் ஒரு சில கூட மிஞ்சாத இடங்கள் உண்டு. இன்று தமிழ்நாட்டில் பாறுகளைப் பார்க்க நீலகிரியை ஒட்டிய மாயாற்றுப் பள்ளத்தாக்குப் பக்கம்தான் போகவேண்டும். எண்ணி வைத்திருந்தால் குறைவது முன்பே தெரிந்திருக்கும்.

ஆகவே பார்த்த எல்லாவற்றையும் எழுதுங்கள். பறவைப் பட்டியலைப் பதிவிடும் இபேர்டு (eBird) செயலியில் எண்ணிக்கைக்குப் பதில் எக்ஸ் குறியை இடாதீர்கள்; குத்துமதிப்பாக 60 என்றாவது போடுங்கள். தெரியாத பறவைக்கு ஊகித்துப் பெயர் வைக்காதீர்கள். ஒரு நாள் பத்து ஏரிக்கு ஓடுவதைவிட ஒரே ஏரிக்கு மாதம் ஒரு முறை, ஐந்து வருடம் போவது மேல். அது சலிப்பாக இருக்கும் என்பது தெரியும். அந்தச் சலிப்பான பட்டியல்தான் நாளைக்கு அந்த ஏரியைக் குப்பைமேடாக்க யாராவது வரும்போது கையில் இருக்கும் ஒரே ஆவணம்.

படத்துக்காகக் கூட்டை நெருங்குவது

இதைச் சொல்லும்போது எனக்குக் கோபம் வருகிறது. கூட்டை மறைக்கும் கிளையை ஒடித்துவிட்டுப் படம் எடுக்கிறார்கள். அந்தக் கிளை வெயிலையும் காகத்தையும் வல்லூறையும் மறைக்க இருந்தது. செல்போனில் பறவையின் குரலை ஒலிக்கவிட்டு வரவழைக்கிறார்கள். தன் எல்லைக்குள் இன்னொருவன் புகுந்துவிட்டான் என்று அந்த ஆண் பறவை கூட்டை விட்டு வெளியே வந்து, இல்லாத எதிரியைத் தேடி அலையும். காலையில் பத்துப் பேர் இப்படிச் செய்தால் அது எப்போது இரை தேடும்?

கரூர், திண்டுக்கல் மாவட்டங்களில் கடவூர்ப் பக்கம் தேவாங்குக்கென்றே 2022-இல் 11,806 ஹெக்டேரில் சரணாலயம் அமைந்தது. இருட்டில் பார்க்கவென்றே அமைந்த பெரிய கண்கள் தேவாங்குடையவை. அதன் முகத்தில் ஃபிளாஷ் அடிப்பது எவ்வளவு கொடுமை என்று சொல்ல வேண்டியதில்லை. ஆந்தைக்கும் அப்படியே. படம் எடுத்த பிறகு இடத்தைத் துல்லியமாகப் பதிவிடுவது அடுத்த தவறு. மாவட்டத்தின் பெயர் போதும்.

மரத்தடியில் குஞ்சைக் கண்டதும் அட்டைப்பெட்டியில் வைத்து வீட்டுக்குத் தூக்கிவருவதும் சேர்ந்ததுதான். இறகு முளைத்துத் தத்தித் திரிகிற குஞ்சு அனாதை இல்லை, பறக்கப் பழகுகிறது. தாய் பக்கத்துக் கிளையில் நீங்கள் நகர்வதற்காகக் காத்திருக்கும். நாயும் பூனையும் நெருங்காதபடி ஒரு புதரில் வைத்துவிட்டு விலகுங்கள்.

ஆமையும் விளக்கும்

சென்னைக் கடற்கரையில் பங்குனி ஆமைகளுக்காக இரவில் நடப்பது 1970-களிலேயே தொடங்கியது. மாணவர்களின் ஆமைப் பாதுகாப்பு அமைப்பு 1988 முதல் அதைத் தொடர்ந்து செய்கிறது. போக விரும்புகிறவர்கள் அப்படிப் பழக்கமுள்ளவர்களோடு போங்கள், தனியாக டார்ச் அடித்துக்கொண்டு போகாதீர்கள். வெளிச்சம் கண்டால் கரையேறும் தாய் ஆமை முட்டையிடாமலே திரும்பிவிடும். முட்டையிலிருந்து வரும் குஞ்சு வெளிச்சமான பக்கத்தைக் கடல் என்று நம்பி நகரும். தெருவிளக்கு கடலைவிடப் பிரகாசமாக இருந்தால் சாலைக்குப் போகும். பாவமாக இருக்கிறதென்று குஞ்சை அள்ளிக் கடலில் போடவும் வேண்டாம். அந்தச் சில அடிகளை அது தானே ஊர்ந்து போகட்டும்.

2025 ஜனவரியில் சென்னை, செங்கல்பட்டுக் கரைகளில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஆமைகள் செத்து ஒதுங்கின. ஆமை நுரையீரலால் மூச்சு விடுவது. இழுவலைக்குள் சிக்கி மேலே வர முடியாமல் போனால் மூழ்கிச் சாகும். இழுவலை போடும் விசைப்படகுகள் கரையிலிருந்து 5 கடல் மைலுக்குள் மீன்பிடிக்கக் கூடாது என்பதே விதி. அந்த நாட்களில் தன்னார்வலர் சிலர் கரையில் வலை உலர்த்திக்கொண்டிருந்த சிறுபடகுக்காரர்களிடம் சண்டைக்குப் போனதைப் பார்த்தேன். ஆமை ஒதுங்கினால் முதலில் போன் செய்து சொல்கிறவர்கள் அவர்கள்தான்.

மலைக்குப் போகும்போது

2018 மார்ச் 11 அன்று தேனி மாவட்டம் குரங்கணியில் மலையேறப் போய்க் காட்டுத்தீயில் சிக்கியவர்களில் 23 பேர் இறந்தார்கள். மாசியும் பங்குனியும் புல் காய்ந்து கிடக்கும் மாதங்கள். காற்று மேல்நோக்கி வீசும்போது தீ மனிதனைவிட வேகமாகச் சரிவில் ஏறும். அதனால்தான் அந்தக் காலத்தில் பாதைகளை மூடுகிறார்கள். குறுக்கு வழி தெரிந்த ஆளைப் பிடித்து உள்ளே போவது வீரம் இல்லை. 2024 அக்டோபரில் வனத்துறை 14 மாவட்டங்களில் 40 பாதைகளை முறைப்படி திறந்திருக்கிறது. அந்தந்த மலையைச் சேர்ந்த இளைஞர்களே வழிகாட்டிகள். அவர்கள் "இங்க பேசாம வாங்க" என்றால் பேசாமல் போங்கள். யானையின் வாடை உங்களுக்கு முன்பே அவர்களுக்குத் தெரியும்.

கொண்டை ஊசி வளைவில் குரங்குக்குச் சிப்ஸ் போடாதீர்கள். சாலையோரம் காத்திருக்கப் பழகிய குரங்கு வண்டியில் அடிபட்டுத்தான் சாகிறது.

ஊரைக் கேட்காமல் ஊருக்குள் வேலை செய்வது

வேடந்தாங்கல் மக்கள் 200 ஆண்டுகளுக்கு மேலாக அந்த ஏரிப் பறவைகளைக் காத்துவருகிறார்கள். 1798-இலேயே அன்றைய செங்கல்பட்டு ஆட்சியர் அவர்கள் உரிமையை ஏற்றுக்கொண்டார். பறவை எச்சம் கலந்த ஏரித் தண்ணீர் வயலுக்கு உரம் என்பது அவர்களுக்குத் தெரியும். சிவகங்கை மாவட்டத்தில் கொள்ளுகுடிப்பட்டிக்காரர்கள் வேட்டங்குடிப் பறவைகளுக்காகத் தீபாவளிக்கு வெடி வைப்பதில்லை. அந்த ஊர்ப் பிள்ளைகள் வெடி இல்லாமலே வளர்கிறார்கள். இவர்களிடம் போய் "விழிப்புணர்வு" என்று பதாகை பிடிப்பதற்கு எனக்கு வெட்கமாக இருக்கும்.

எந்தக் கண்மாய்க்கும் அதன் தண்ணீரில் பயிர் செய்யும் ஆயக்கட்டுக்காரர் உண்டு, மீன்பாசிக் குத்தகைதாரர் உண்டு, மேய்ச்சல்காரர் உண்டு. தண்ணீர் எப்போது திறக்கும், மீன் எப்போது பிடிப்பார்கள் என்று அவர்களிடம் கேட்ட பிறகே தேதி குறியுங்கள். நிகழ்ச்சிக்கு அழைத்துச் சால்வை போடுவதும் கேட்டுச் செய்வதும் ஒன்றல்ல.

அந்த 300 கன்றுகளில் உயிரோடு இருந்தவற்றை நாங்களே பிடுங்கிப் பள்ளி மைதானத்து ஓரத்திலும் ஊர்ச்சாவடிக்குப் பின்னாலும் வைத்தோம். குழிகளை மூடும் வேலைக்குப் பெரியவரும் வந்தார். இப்போது ஒவ்வொரு பொங்கலுக்கும் காலை ஆறரைக்குக் கரையில் துண்டு போர்த்திக்கொண்டு எனக்கு முன்னால் நிற்கிறார். எனக்கு பைனாகுலரில் தெரிவதை அவர் வெறும் கண்ணால் எண்ணிச் சொல்கிறார்: "நத்தைக்குத்தி பதினேழு. எழுதிக்கிட்டீகளா?"