முகமூடியைக் கண்டு பிள்ளை ஒளியாமல் இருக்க: வீட்டிலேயே தீப் பாதுகாப்புப் பாடம்

கேரள எல்லையோரக் கொழிஞ்சாம்பாறைப் பக்கம் எங்கள் தமிழ்ப் பிள்ளைகள் பள்ளியில் 'ஃபயர்ஃபோர்ஸ்' என்பார்கள், பொள்ளாச்சிப் பாட்டி வீட்டுக்குப் போனால் 'தீயணைப்பு வண்டி' என்பார்கள். தீ மட்டும் மலையாளத்திலும் தமிழிலும் தீதான். நான்கு முதல் ஆறு வயதுப் பிள்ளைகளுக்கு நான் சொல்லிக்கொடுக்கும் முறை இது. ஒரு நாளைக்கு ஒரு படி, பத்து நிமிடம் போதும்.

1. முகமூடியைப் பழக்குங்கள்

எல்லாவற்றையும்விட முக்கியம் இதுதான். தீப்பிடித்தால் சின்னப் பிள்ளைகள் பல நேரம் வெளியே ஓடுவதில்லை. கட்டிலுக்கு அடியிலோ பீரோவுக்குப் பின்னாலோ ஒளிந்துகொள்வார்கள். தேடி வரும் தீயணைப்பு வீரரோ முகம் முழுக்கக் கவசமும் முதுகில் காற்று சிலிண்டருமாக, புஸ் புஸ்ஸென்ற மூச்சுச் சத்தத்தோடு வருவார். பயந்த பிள்ளை அவர் கூப்பிட்டாலும் வாய் திறக்காது.

அதனால் முதலில் படம் காட்டுங்கள். அப்புறம் அப்பா ஹெல்மெட் போட்டு, முகத்தில் துண்டு கட்டி, அதே மூச்சுச் சத்தத்தோடு அறைக்குள் வரட்டும். பிள்ளை கையை ஆட்டி, "நான் இங்க இருக்கேன்!" என்று கத்த வேண்டும். சிரித்துக்கொண்டே கத்தும்வரை தினமும் விளையாடுங்கள். சோறு ஊட்டும்போது "பூச்சாண்டி பிடிச்சுட்டுப் போயிடுவான்" என்று மிரட்டும் பழக்கத்தையும் தயவுசெய்து விட்டுவிடுங்கள்.

2. தவழ்ந்து வெளியேறுதல்

புகை மேலே ஏறும், தரையோரம்தான் ஓரளவு நல்ல காற்று இருக்கும். இரண்டு பேர் ஒரு பழைய சேலையை இடுப்புயரத்தில் விரித்துப் பிடியுங்கள். அதுதான் புகை. தலை சேலையில் படாமல் பிள்ளை வாசல்வரை தவழட்டும். வெளியே வந்ததும் எங்கே நிற்பது என்று ஓர் இடம் குறித்துவையுங்கள். எங்களுக்கு முற்றத்துத் தென்னைமரம். பொம்மைக்காகவோ பூனைக்காகவோ திரும்ப உள்ளே போகக் கூடாது.

3. நில், படு, உருளு

சட்டையில் தீப்பிடித்தால் ஓடக் கூடாது. நின்று, தரையில் படுத்து, முகத்தைக் கையால் மூடி உருள வேண்டும். பாயில் பழக்குங்கள். இங்கே விஷுவுக்கும் பட்டாசு, தீபாவளிக்கும் பட்டாசு என்பதால் இது கட்டாயம். சுட்டுக்கொண்டால் அந்த இடத்தில் குழாய்த் தண்ணீரை 20 நிமிடம் ஓடவிடுங்கள். பற்பசை, பேனா மை எதுவும் தடவ வேண்டாம்.

4. தீப்பெட்டி, லைட்டர்

கீழே கிடந்தால் எடுக்காமல் பெரியவர்களிடம் வந்து சொல்ல வேண்டும். சொன்ன பிள்ளையைத் திட்டாதீர்கள்.

5. போன்

தீயணைப்பைக் கூப்பிட 101 அல்லது 112. எல்லையோரத்தில் செல்போன் எந்த மாநில டவரைப் பிடிக்கும் என்று சொல்ல முடியாது. அதனால் பெயர், தெரு, ஊரோடு "பாலக்காடு ஜில்லா, கேரளா" என்பதையும் மனப்பாடமாகச் சொல்லப் பழக்குங்கள்.

6. தீயணைப்பு நிலையத்துக்குப் போங்கள்

ஏப்ரல் 14 முதல் 20 வரை தீயணைப்பு வாரம். 1944 ஏப்ரல் 14 அன்று பம்பாய்த் துறைமுகத்தில் கப்பல் வெடித்த தீயை அணைக்கப் போய் உயிர்விட்ட வீரர்களின் நினைவாக வருவது. முன்கூட்டியே கேட்டுக்கொண்டு பாலக்காட்டுச் சித்தூருக்கோ பொள்ளாச்சிக்கோ அழைத்துப் போங்கள். வண்டியைப் பார்த்து முடித்ததும் ஒரு வீரரிடம், பிள்ளை கண்ணெதிரே கோட்டு, சிலிண்டர், முகமூடி என ஒவ்வொன்றாக அணிந்துகாட்டச் சொல்லுங்கள். முகமூடிக்குள்ளிருந்து அவர் பிள்ளையைப் பெயர் சொல்லிக் கூப்பிடட்டும், பிள்ளை போய் அவர் கையைப் பிடிக்கட்டும்.