ஒரே மாதிரி தெரியும் இரண்டு ரீல்களில் எதை வாங்குவது?

என் இரண்டாவது மீன்பிடி ரீலை வாங்கும்போது பெயரின் கடைசி எழுத்தை நான் கவனிக்கவில்லை. எனக்கு வேண்டியது 2500. கையில் வந்தது 2500எஸ். அதே நிறம், அதே அளவு, விலையும் ஏறக்குறைய அதே. வீட்டுக்கு வந்து பிஇ 2 பிரெய்டை (பின்னிய தூண்டில் லைன், பிஇ என்பது அதன் தடிமனைச் சொல்லும் எண்) சுற்றினால் அறுபது மீட்டரிலேயே ஸ்பூல், அதாவது லைன் சுற்றும் உருளை, நிரம்பிவிட்டது. எஸ் என்றால் ஆழம் குறைந்த ஸ்பூல் என்று அப்புறம்தான் தெரிந்தது. எவ்வளவு லைன் பிடிக்கும் என்பது பெட்டியிலேயே அச்சாகியிருந்தது. படிக்காதது நான்தான்.

முதல் ரீல் வாங்கப் போகிறவர்களுக்கு அந்த நிலை வேண்டாம். ஒரு தாளும் பேனாவும் எடுத்துக்கொள்ளுங்கள்.

1. முதல் வரியில் மீனை எழுதுங்கள்

எங்கே, எந்த மீனுக்கு, என்ன லைன் என்று ஒரே வரியில் எழுதுங்கள். என் வரி இது: முட்டுக்காடு முகத்துவாரம், கரையில் நின்று கொடுவாவுக்கு லூர் (செயற்கை இரை), பிஇ 2 பிரெய்டு 150 மீட்டர். ஏரியில் விராலுக்குத் தவளை லூர் போடுகிறவரின் வரி வேறாக இருக்கும். இந்த வரி இல்லாமல் கடைக்குப் போனால், அலமாரியில் பளபளப்பாக இருப்பதுதான் நல்ல ரீல்.

2. பெயரை வால் வரை படியுங்கள்

ஷிமானோ கம்பெனியை எடுத்துக்கொள்வோம். அளவைச் சொல்லும் எண்ணுக்கு முன்னால் சி இருந்தால் சிறிய உடல் என்று பொருள். சி3000 என்பது 2500 உடலில் 3000 ஸ்பூல். சி5000 என்பது 4000 உடலில் 5000 ஸ்பூல். எண்ணுக்குப் பின்னால் எச்ஜி வந்தால் வேகமான கியர், எக்ஸ்ஜி வந்தால் அதைவிட வேகம். கடைசியில் வரும் எஃப்ஐ, எஃப்ஜே மாதிரி இரட்டை எழுத்து தலைமுறையைச் சொல்கிறது. ஷிமானோவின் செடோனா ரீலில் எஃப்ஐக்கு அடுத்து வந்தது எஃப்ஜே. பழைய தலைமுறை மலிவாகக் கிடைத்தால் வாங்கலாம், அதில் தப்பே இல்லை. புதியதன் விலையைக் கொடுத்துப் பழையதை வாங்குவதுதான் நஷ்டம்.

கம்பெனி மாறினால் எண்ணை நம்பாதீர்கள். டைவா பிஜி 3000 கையில் ஏறக்குறைய ஷிமானோ 4000 மாதிரி இருக்கும். டைவாவுக்குள்ளேயே 2018இல் எல்டி வரிசை வந்தபோது அளவுமுறை மாறியது. அதனால் ஒரே எண் போட்ட பழைய ரீலும் எல்டி ரீலும் ஒரே அளவு இல்லை. எண்ணை விட்டுவிட்டு எடையையும் லைன் கொள்ளளவையும் பாருங்கள்.

கொள்ளளவுக்கு ஒரு சுலபமான கணக்கு உண்டு. பிஇ எண் இரட்டித்தால் நீளம் பாதியாகும். பிஇ 1 லைன் 120 மீட்டர் பிடிக்கும் ஸ்பூலில் பிஇ 2 போட்டால் 60 மீட்டர்தான். என் 2500எஸ் கதை அவ்வளவுதான்.

3. வித்தியாசம் இல்லாத வரியை அடித்துவிடுங்கள்

முக்கியமான வேலை இதுதான். இரண்டு ரீல்களின் விவரங்களையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதுங்கள். ஒரே மாதிரி இருக்கும் வரிகளை அடியுங்கள். மிஞ்சுவதற்குத்தான் நீங்கள் காசு கொடுக்கிறீர்கள்.

சி3000, சி3000எச்ஜி இரண்டையும் வைத்துப் பார்ப்போம். உடல் அதே, ஸ்பூல் அதே. எல்லாவற்றையும் அடித்தால் மிஞ்சுவது கியர் விகிதம் ஒன்று: 5.0, 6.2. இந்த எண்ணை அப்படியே வைத்துக்கொண்டால் ஒன்றும் புரியாது, சென்டிமீட்டராக மாற்றுங்கள். ஸ்பூல் விட்டம் 47 மி.மீ. என்றால் சுற்றளவு சுமார் 148 மி.மீ. கைப்பிடியை ஒரு சுற்று சுற்றினால் முதல் ரீல் 74 செ.மீ. லைனை இழுக்கும், இரண்டாவது சுமார் 91 செ.மீ. இது ஸ்பூல் நிறைந்திருக்கும்போது வரும் கணக்கு, லைன் குறையக் குறைய இழுப்பும் குறையும்.

கொடுவா கடித்ததும் சில சமயம் நம்மை நோக்கியே ஓடிவரும். தொய்ந்த லைனைச் சட்டென்று இழுத்துக்கொள்ளாவிட்டால் கொக்கி கழன்றுவிடும். அதனால் முகத்துவாரத்துக்கு நான் எச்ஜி எடுப்பேன். தண்ணீரை அழுத்தமாக இழுக்கும் பெரிய டைவிங் லூர்களை நாள் முழுக்கப் போடுகிறவருக்கு 5.0தான் மணிக்கட்டைக் காப்பாற்றும்.

இனி விலை வித்தியாசமுள்ள ஒரு ஜோடி. ஒன்றில் அதிகபட்ச டிராக் (மீன் பலமாக இழுத்தால் லைனை விட்டுக்கொடுக்கும் பிடி) 9 கிலோ, மற்றதில் 11 கிலோ என்று வைத்துக்கொள்வோம். நம் லைன் 20 பவுண்டு, அதாவது சுமார் 9 கிலோ தாங்கும். டிராக்கை அதில் கால் பங்கிலிருந்து மூன்றில் ஒரு பங்கு வரைதான் வைப்போம், இரண்டே கால் முதல் மூன்று கிலோ. அப்படியானால் 9 என்ன, 11 என்ன? அந்த வரியை அடியுங்கள்.

அடுத்தது பேரிங் எண்ணிக்கை. கம்பெனி பெயரே கேள்விப்படாத ரீல்கள் 13+1 என்று கொட்டை எழுத்தில் போட்டுக்கொள்ளும். எத்தனை என்பதைவிட எங்கே என்று கேளுங்கள். லைன் ரோலரில், அதாவது லைன் திரும்பி ஸ்பூலுக்குப் போகும் சிறு உருளையில், பேரிங் இருக்கிறதா, வெறும் புஷ் வளையம்தானா? உப்புத் தண்ணீரோடு வரும் லைன் ஒவ்வொரு சுற்றிலும் அதன் மேல்தான் போகிறது.

அப்புறம் தண்ணீர்க் காப்பு. பென் கம்பெனியின் ஸ்பின்ஃபிஷர் 6 ரீலுக்கு ஐபிஎக்ஸ்5 தரம் உண்டு. பீய்ச்சி அடிக்கும் தண்ணீரைத் தாங்கும் என்பதற்கான தரம் அது, முக்கி எடுப்பதற்கானது இல்லை. பாறைமேல் நின்று அலைச்சாரலில் போடுகிறவருக்கு இந்த வரிக்குக் காசு கொடுப்பது நியாயம். குளத்துக்கரை ஆளுக்கு இது கூடுதல் எடை, அவ்வளவுதான்.

4. கடையில் கூச்சப்படாதீர்கள்

உங்கள் ராடையும் (தூண்டில் கோல்) கூடக் கொண்டுபோங்கள். ரீலை மாட்டி, எறியும்போது பிடிக்கிற மாதிரியே பிடித்துப் பாருங்கள். முனை கனத்துக் கீழே சாய்கிறதா என்று கையே சொல்லிவிடும். காலையில் இருநூறு முறை எறியும்போது முப்பது கிராம் வித்தியாசமும் தோளில் தெரியும்.

கைப்பிடியை ஒற்றை விரலால் மெதுவாகச் சுற்றுங்கள். வேகமாகச் சுற்றினால் எல்லா ரீலும் வழவழப்பாகத்தான் தோன்றும். புது கிரீஸால் கொஞ்சம் இறுக்கமாக இருந்தால் பரவாயில்லை. கரகரவென்று கியர் பல் உரசினால் வேண்டாம். ஸ்பூலில் ஒரு துண்டு தூண்டில் நரம்பைக் கட்டி, டிராக்கைப் பாதி இறுக்கத்தில் வைத்து இழுங்கள். முதலில் சிக்கிக்கொண்டு பிறகு வெடுக்கென்று விடும் டிராக் லைனை அறுத்துவிடும்.

இந்தியாவில் வாரண்டி உண்டா, உதிரி பாகம் கிடைக்குமா என்பதையும் கேட்டுவிடுங்கள். வெளிநாட்டிலிருந்து தனியாகத் தருவித்து விற்கும் ரீல் ஆயிரம் ரூபாய் குறைவாக இருக்கலாம். பெயில் (லைனை ஸ்பூலில் சுற்றிவிடும் கம்பி வளையம்) ஸ்பிரிங் ஒன்று உடைந்தால் எங்கே போவீர்கள்?

5. பில் போடும் முன்

பெட்டியின் பக்கவாட்டில் உள்ள முழுப்பெயரையும் உங்கள் தாளில் உள்ள பெயரையும் எழுத்தெழுத்தாக ஒத்துப் பாருங்கள். பெட்டி ஒன்றும் உள்ளிருக்கும் ரீல் வேறொன்றுமாக இருப்பதும் நடக்கும், அதனால் திறந்து ஸ்பூலில் எழுதியிருப்பதையும் படியுங்கள்.

அந்த 2500எஸ் இப்போதும் என்னிடம்தான் இருக்கிறது. பிஇ 0.8 சுற்றினேன், கச்சிதமாக 150 மீட்டர் பிடித்தது. கிழங்கானுக்கு அதைவிட வசதியான ரீல் என்னிடம் வேறு இல்லை.