ஹைட்ரஜன் பிணைப்பு இருக்கா, இல்லையா? சமையலறையிலேயே சோதிக்கலாம்

கிரேடு 11 பாடத்தில் மூலக்கூறிடை விசை (மூலக்கூறுகள் ஒன்றையொன்று இழுக்கும் விசை) வந்ததும், தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரப் பிள்ளைகள் பலர் தடுமாறுவது ஒரே இடத்தில்: வாய்பாட்டில் ஆக்ஸிஜனும் ஹைட்ரஜனும் கண்ணில் பட்டால் போதும், "ஹைட்ரஜன் பிணைப்பு" என்று எழுதிவிடுவார்கள். அசிட்டோனை வைத்துக் கேட்டால் அங்கேயே மதிப்பெண் போய்விடும்.

1. முதலில் படம், பிறகு பெயர்

அசிட்டோனின் கட்டமைப்பை வரையுங்கள். ஆக்ஸிஜன் நடுக்கார்பனோடு இரட்டைப் பிணைப்பில் இருக்கிறது. ஆறு ஹைட்ரஜன்களும் ஓரத்துக் கார்பன்களில். ஹைட்ரஜன் பிணைப்பும் ஒரு மூலக்கூறிடை விசைதான்; அதற்கு, ஹைட்ரஜன் நேரடியாக நைட்ரஜன், ஆக்ஸிஜன், ஃபுளோரின் மூன்றில் ஒன்றோடு ஒட்டியிருக்க வேண்டும். இங்கே அப்படி ஒன்றுகூட இல்லை. ஆகவே அசிட்டோன் மூலக்கூறுகளுக்கிடையே இருமுனை விசையும் (ஒரு மூலக்கூறின் நேர்முனை அடுத்ததன் எதிர்முனையை இழுப்பது) லண்டன் விசையும் (எல்லா மூலக்கூறுகளுக்கும் இடையே உள்ள, மூலக்கூறு பெரிதானால் வலுக்கும் ஈர்ப்பு) மட்டுமே. எத்தனாலில் O–H உண்டு, அதனால் ஹைட்ரஜன் பிணைப்பும் உண்டு.

இப்போது எண்களைப் பாருங்கள். அசிட்டோனின் மூலக்கூறு நிறை 58, கொதிநிலை 56 டிகிரி. எத்தனால் 46தான், ஆனால் 78 டிகிரியில் கொதிக்கிறது. தண்ணீரோ வெறும் 18, கொதிநிலை 100. நிறையை மட்டும் பார்த்தால் வரிசை தலைகீழாகிவிடும்.

2. சோதனை

தேவை: அசிட்டோன் உள்ள நகப்பூச்சு நீக்கி, மெத்திலேட்டட் ஸ்பிரிட் (பெரும்பகுதி எத்தனால்), தண்ணீர், சூரியகாந்தி எண்ணெய், கிச்சன் பேப்பர், எவர்சில்வர் தட்டு, பார்மசியில் கிடைக்கும் 1 மில்லி சிரிஞ்ச்.

பேப்பரை 4 செ.மீ. சதுரங்களாக நான்கு வெட்டித் தட்டில் பரப்புங்கள். ஒவ்வொன்றிலும் 0.2 மில்லி விட்டு, எது முதலில் காய்கிறது என்று பாருங்கள். அசிட்டோன், ஸ்பிரிட், தண்ணீர் என்ற வரிசை வரும். எண்ணெய் காயவே காயாது: அதில் ஹைட்ரஜன் பிணைப்பு கிடையாது, ஆனால் மூலக்கூறு அவ்வளவு பெரிது, லண்டன் விசை மட்டுமே பிடித்து நிறுத்திவிடும்.

சொட்டுமருந்துக் குழாய் வேண்டாம். தண்ணீரின் பரப்பு இழுவிசை அசிட்டோனைப் போல மூன்று மடங்கு, அதனால் அதன் சொட்டும் பெரிது. "ஆளுக்கு மூன்று சொட்டு" என்பது சம அளவே இல்லை. நேரே தட்டில் ஊற்றுவதும் சரிவராது: அசிட்டோன் பரவிவிடும், பரப்பு கூடினாலே வேகமாகக் காயும். பேப்பர் சதுரம் இரண்டு தொல்லையையும் குறைக்கும். சிரிஞ்சில் தண்ணீர் முதலில், பிறகு ஸ்பிரிட், அசிட்டோன், எண்ணெய் கடைசியில். அசிட்டோன் பட்டால் ரப்பர் உப்பி இறுகலாம்.

அடுப்பை அணைத்து, ஜன்னலைத் திறந்து வையுங்கள். பாலிஸ்டைரீன் தட்டு கூடவே கூடாது, அசிட்டோன் கரைத்துவிடும்.

3. விடை எழுதும்போது

விசையின் வகை, எது வலிமையானது, அதை வெல்ல எவ்வளவு ஆற்றல்: மூன்றையும் இந்த வரிசையில் எழுதுங்கள். "எத்தனாலில் லண்டன், இருமுனை விசைகளோடு ஹைட்ரஜன் பிணைப்பும் உண்டு. அசிட்டோனில் ஹைட்ரஜன் பிணைப்பு இல்லை. எத்தனாலின் மூலக்கூறிடை விசைகள் வலிமையானவை. அவற்றை வெல்ல அதிக ஆற்றல் வேண்டும். ஆகவே கொதிநிலை அதிகம்."

"பிணைப்புகள் உடைகின்றன" என்று மொட்டையாக எழுதாதீர்கள். கொதிக்கும்போது O–H சகப்பிணைப்பு (மூலக்கூறுக்குள் அணுக்களைச் சேர்த்துப் பிடிப்பது) உடைவதில்லை. அதை உடைக்க மோலுக்குச் சுமார் 463 கிலோஜூல் வேண்டும். தண்ணீர் கொதிநிலையில் ஆவியாகச் சுமார் 41 போதும். சகப்பிணைப்பே உடைந்தால் கெட்டிலிலிருந்து வருவது நீராவியாக இருக்காது, ஹைட்ரஜனும் ஆக்ஸிஜனுமாக இருக்கும்.

பிறகு சேர்த்தது

அசிட்டோனும் ஸ்பிரிட்டும் கிட்டத்தட்ட ஒரே நேரத்தில் காய்ந்ததா? பாட்டில் லேபிளைப் பாருங்கள். "அசிட்டோன் இல்லாதது" என்றால் உள்ளே பெரும்பாலும் எத்தில் அசிட்டேட், கொதிநிலை 77.

தண்ணீர்ச் சதுரம் மணிக்கணக்கில் ஈரமாகவே கிடந்தால், அது டர்பன் கோடையின் வேலை. காற்றில் ஏற்கனவே நீராவி நிறைய இருப்பதால், போகிற மூலக்கூறுகளில் பல திரும்பி வந்துவிடும். அசிட்டோனுக்கு இந்தத் தடை கிடையாது. ஜோகன்னஸ்பர்க்கின் உலர்ந்த குளிர்காலத்தில் அதே சதுரம் சீக்கிரம் காயும்.

அங்கே தண்ணீர் 94, 95 டிகிரியிலேயே கொதிக்கிறது. விசை குறைந்ததால் அல்ல. உயரம் சுமார் 1,750 மீட்டர், மேலிருந்து அழுத்தும் காற்று குறைவு. தேர்வில் தரும் கொதிநிலைகளைக் கடல்மட்ட அழுத்தத்துக்கு உரியவையாகவே எடுத்துக்கொள்ளுங்கள்.