'எல்லாம் மனத்தில் இருக்கிறது': கவனக்குறைபாடு உள்ளவர்கள் நேர்மறை எண்ணத்தில் செய்யும் தவறுகள்

ஆத்தங்குடியில் தளக்கல் அச்சிடும் சிறு பட்டறை ஒன்றை நடத்திவரும் எனக்குக் கவனக்குறைபாடு (ஆங்கிலத்தில் ADHD) இருப்பது 37 வயதில்தான் தெரியவந்தது. வளர்ந்தவர்களிடம் இதை உறுதிசெய்யும்போதும் 12 வயதுக்கு முன்பே அறிகுறிகள் இருந்தனவா என்று மருத்துவர்கள் பார்ப்பார்கள் என்பதால், என் தாயார் பரணிலிருந்து பழைய தேர்ச்சி அறிக்கைகளை எடுத்துக் கொடுத்தார். 'புத்திசாலி, ஆனால் கவனம் போதாது' என்ற ஒரே வரியை மூன்று வகுப்பாசிரியர்கள் தனித்தனியே எழுதியிருந்தார்கள். இப்போது இதே குறைபாடு கண்டறியப்பட்ட இளைஞர்கள் சிலர் காரைக்குடியிலிருந்தும் தேவகோட்டையிலிருந்தும் ஞாயிற்றுக்கிழமைகளில் பட்டறைக்கு வந்து பேசிக்கொண்டிருக்கிறார்கள். நான் செய்த பிழைகளை அவர்கள் அதே வரிசையில் செய்வதைப் பார்த்த பிறகே இதை எழுதத் துணிந்தேன். நேரத்துக்கு உறங்க வேண்டும், கைப்பேசியைத் தள்ளி வைக்க வேண்டும் என்பவையெல்லாம் எல்லாருக்கும் தெரிந்தவை, அவற்றை விட்டுவிடுகிறேன்.

நம்ப முடியாத வாசகங்களை எழுதுவது

சென்ற மாதம் ஓர் இளைஞர் ஒரு நோட்டு முழுவதும் 'நான் ஒழுங்கானவன்' என்று எழுதி எடுத்துவந்தார். அந்த நோட்டைப் பேருந்திலேயே விட்டுவிட்டு, பேருந்து நிலையத்துக்கு ஓடிப்போய் மீட்டு வந்ததாகவும் அவரே சிரித்துக்கொண்டு சொன்னார். கனடாவைச் சேர்ந்த உளவியலாளர் ஜோஆன் வுட்டும் உடன் ஆய்ந்தோரும் 2009இல் வெளியிட்ட ஆய்வில், தன்மதிப்புக் குறைந்தவர்கள் தம்மைப் புகழும் வாசகத்தைத் திரும்பத் திரும்பச் சொன்னபோது அவர்களுடைய மனநிலை உயராமல் தாழ்ந்ததைக் கண்டார்கள். சிறு வயது முதல் வசை கேட்டு வளர்ந்த மனம், அத்தகைய வாசகத்தைக் கேட்டவுடன் அதற்கு எதிரான சாட்சிகளை ஒவ்வொன்றாக அழைக்கத் தொடங்கிவிடுகிறது. 'இன்று சாவியை ஆணியில் மாட்டினேன்' என்பது சிறிய வாசகம்தான் என்றாலும், அதை மறுக்க எந்தச் சாட்சியும் வராது.

'இது ஒரு வரம்' என்று சொல்லிக்கொள்வது

எரிவாயு அடுப்பை அணைக்க மறந்த அன்று இதை என் மனைவியிடம் சொல்லிப் பார்த்தேன்.

எழுதி வைப்பதை அவநம்பிக்கை என்று கருதுவது

இந்த ஒன்றை யார் செய்தாலும் எனக்கு இன்றும் எரிச்சல் வருகிறது, ஏனெனில் இதற்கு நான் கொடுத்த விலை அதிகம். குறைபாடு கண்டறியப்படுவதற்கு முந்தைய ஆண்டில், தன்னம்பிக்கைப் பயிற்சி வகுப்பு ஒன்றுக்குப் போய்விட்டு வந்து, 'மறந்துவிடுவேன்' என்ற எதிர்மறை எண்ணத்தால்தான் நான் மறக்கிறேன் என்று முடிவு செய்து, பட்டறைச் சுவரில் தொங்கிய குறிப்புப் பலகையைக் கழற்றி வைத்துவிட்டேன். அந்த வாரத்தில் ஓர் ஆச்சி, தம் வீட்டில் நடக்கவிருந்த அறுபதாம் கல்யாணத்துக்காகப் பட்டாலை என்னும் கூடத்தின் தளத்தை மாற்ற 600 கற்கள் கேட்டு வந்தார். ஓரத்துக்குப் பச்சை, நடுவில் சிவப்பு என்று நிறங்களையும் சொன்னார். புறப்படும்போது "எழுதிக்கிட்டீகளா தம்பி?" என்று கேட்டார். "எல்லாம் மனசுல இருக்கு ஆச்சி" என்றேன்.

விழாவுக்கு இரண்டு மாதம் இருந்தது. ஒவ்வொரு காலையும் 'முடித்துவிடுவேன்' என்ற எண்ணம் வந்தது. அது வந்தவுடன் மனம் லேசானது. லேசான மனத்தோடு வேறு வேலையைப் பார்த்தேன். பத்து நாள் மிஞ்சியபோது, நெருக்கடியில்தான் என் கை நன்றாக ஓடும் என்று எனக்கு நானே தைரியம் சொல்லிக்கொண்டு, இரவும் பகலுமாக அச்சிட்டேன். கண்ணாடித் தகட்டின் மேல் சட்டம் வைத்து, வண்ணக் கலவையை ஊற்றி, மணலும் சிமெண்டும் போட்டு அழுத்துவதை எத்தனை வேகமாகவும் செய்யலாம். ஆனால் அதன்பின் கல் தண்ணீரில் ஊறி இறுக வேண்டிய நாட்களை எந்த நம்பிக்கையாலும் குறைக்க முடியாது. பாதி ஊறலில் எடுத்த கற்களின் விளிம்புகள் பதிக்கும்போதே உதிர்ந்தன. ஓரக்கற்களோ நீல நிறத்தில் இருந்தன. என் மனத்தில் இருந்தது நீலம். கல், கூலி, வண்டி வாடகை எல்லாமாக 48,000 ரூபாய் போயிற்று. விழா ஜமுக்காளம் விரித்த தளத்தில் நடந்தது. ஆச்சி ஒரு சொல்லும் கடிந்து சொல்லவில்லை என்பது அதைவிடக் கனமாக இருந்தது.

இது என் ஒருவனுடைய மடமை என்றே வெகுநாள் எண்ணியிருந்தேன். லாரா நௌஸ், ஜான் மிட்செல் என்னும் அமெரிக்க உளவியலாளர்கள் 2015இல் வெளியிட்ட கட்டுரையொன்று, இக்குறைபாடு உள்ள வளர்ந்தவர்களிடம் அளவு மீறிய நேர்மறை எண்ணமே வேலையைத் தட்டிக்கழிக்கும் வழியாகிவிடுவதை விவரிக்கிறது. காரணம் விளங்கிக்கொள்ளக் கடினமானதன்று. செய்யவேண்டியதை மனத்தில் ஏந்தி நிறுத்தும் செயல்நினைவு எங்களில் பலருக்கு வலுக்குறைந்தது. அடுத்த செய்தி வந்ததும் முந்தையது நழுவிவிடுகிறது. தொலைவிலுள்ள நாளும் நாளை மறுநாளும் ஒரே தூரத்தில் இருப்பதாகத் தோன்றுகின்றன. இந்த நிலையில் 'பார்த்துக்கொள்ளலாம்' என்ற எண்ணம், வேலையைத் தொடங்கும் சங்கடத்திலிருந்து உடனே விடுதலை தருவதால், வேலை செய்து முடித்த நிறைவை முன்பணமாகவே கொடுத்துவிடுகிறது.

செட்டிநாட்டில் இருந்துகொண்டு எழுதுவதை இழிவாக நினைத்தேன் என்பதுதான் வேடிக்கை. இங்கே கல்யாணத்தையே இசைகுடிமானம் என்று ஏட்டில் எழுதி உறுதி செய்கிறார்கள். பர்மாவுக்கு வணிகம் செய்யப் போன பெட்டியடிப் பையன், அதாவது கடையில் தொழில் பழகும் சிறுவன், முதலில் கற்றது பேரேடும் ஐந்தொகையும்தான். தன்மேல் நம்பிக்கை இல்லாமல் அவர்கள் கணக்கு எழுதியதாக யாரும் சொன்னதில்லை.

ஆகவே, 'முடித்துவிடுவேன்' என்ற எண்ணம் தோன்றினால் அதை விரட்ட வேண்டாம். அதன் வாலில் ஓர் இடத்தையும் வேளையையும் கட்டிவிடுங்கள். 'காலையில் தேநீர்க் குவளையைக் கீழே வைத்ததும் பச்சைக் கலவையை அளப்பேன்' என்பது போல, இது நடந்தால் அதைச் செய்வேன் என்று அமையும் திட்டங்களின் பயனை உளவியலாளர் பீட்டர் கோல்விட்சர் 1999இல் எழுதிய கட்டுரையில் தொகுத்துக் காட்டியிருக்கிறார். அந்த வாசகத்தையும் மனத்தில் வைக்காமல், குவளை வைக்கும் இடத்திலேயே ஒட்டுங்கள்.

இருபத்தொரு நாள் கணக்கு

21 நாளில் பழக்கம் படிந்துவிடும் என்று நம்பித் தொடங்குபவர்கள் 22ஆம் நாள் தம்மையே வெறுக்கிறார்கள். லண்டனில் பிலிப்பா லாலி குழுவினர் 2010இல் வெளியிட்ட ஆய்வில் சராசரி 66 நாளாக இருந்தது. ஆளுக்கு ஆள் அது 18 முதல் 254 நாள்வரை வேறுபட்டது. அதிலும் ஒரு நாள் தவறியதால் பழக்கம் கெட்டுவிடவில்லை என்பதையே நான் இளைஞர்களிடம் இரண்டு முறை சொல்வேன். அந்த ஆய்வு கவனக்குறைபாடு உள்ளவர்களைக் குறித்ததன்று என்பதால், நம் கணக்கு நீளமானாலும் வியப்படைய வேண்டாம்.

எண்ணம் தேறிவிட்டது என்று மாத்திரையை நிறுத்துவது

மருத்துவரைக் கேட்காமல் கூடாது.

இரவில் நல்லவற்றை மட்டும் எழுதுவது

நன்றி சொல்லும் குறிப்பேடு தீங்கற்றது. ஆனால் 'இன்று நல்ல நாள்' என்ற வரியிலிருந்து நாளைக்கு எடுத்துக்கொள்ள ஒன்றும் கிடைப்பதில்லை. நான் இரண்டு பத்திகளாக எழுதுகிறேன்: இடப்பக்கம் நடந்தது, வலப்பக்கம் அதை நடக்கவைத்தது. நேற்றைய இடப்பக்கத்தில், 'கானாடுகாத்தான் வீட்டுக் கற்களைத் தொட்டியிலிருந்து உரிய நாளில் எடுத்தேன்' என்று இருக்கிறது. வலப்பக்கத்தில், 'தொட்டிச் சுவரில் தேதியைச் சாக்கட்டியால் எழுதியிருந்தேன், அதையும் கவனிக்கவில்லை, பட்டறைப் பையன் காட்டினான்' என்று இருக்கிறது.