கிராஸ்ஓவர் சண்டை ஆட்டம் வெளிவருமுன் தயாராவது எப்படி

ஒரு கிராஸ்ஓவர் சண்டை வீடியோ கேமின் முதல் ட்ரெய்லர் வெளியாகும் நாளுக்கும் அந்த ஆட்டம் நம் கைக்கு வந்து சேரும் நாளுக்கும் இடையில் பெரும்பாலும் ஓராண்டு ஓடிவிடுகிறது. சில சமயம் அதற்கும் மேல் ஆகிறது. வெவ்வேறு ஆட்டங்களில் வளர்ந்த வீரர்கள் ஒரே களத்தில் மோதப்போகிறார்கள் என்று கேள்விப்பட்டதும், யார் யார் இடம்பெறுவார்கள் என்று பட்டியல் போடுவதிலேயே அந்த ஓராண்டையும் கழிப்பது எங்கள் தருமபுரி நண்பர் குழுவின் வழக்கமாக இருந்தது. நான்கு ரோட்டு டீக்கடையில் தொடங்கும் பட்டியல் இரவு வரை நீளும். ஆட்டம் வந்த முதல் வாரத்தில், ஏறக்குறைய 45 கி.மீ. தள்ளி கிருஷ்ணகிரியில் இருக்கும் நண்பர்களிடம் வரிசையாகத் தோற்போம். அவர்கள் பட்டியல் போடாமல், அதே வகையைச் சேர்ந்த பழைய ஆட்டம் ஒன்றை வாரந்தோறும் ஆடிக்கொண்டே காத்திருந்தார்கள் என்பது எங்களுக்குத் தாமதமாகத்தான் தெரிந்தது. அந்தத் தோல்விகளில் கற்றதை வைத்து இந்த வழிகாட்டியை எழுதுகிறேன்.

பணத்தைப் பற்றி முதலில் பேசிவிடலாம், ஏனென்றால் அதில்தான் எல்லோரும் அவசரப்படுகிறார்கள். கிராஸ்ஓவர் ஆட்டம் என்பது பங்காளிகள் கூட்டாக வைத்திருக்கும் நிலத்தைப் போன்றது. ஒருவர் கையெழுத்து இல்லாமல் மற்றவர் ஒன்றும் செய்ய முடியாது. 2010-இல் சான் டியேகோ காமிக்-கான் விழாவில் கேப்காம், நாம்கோ என்ற இரண்டு ஆட்டத் தயாரிப்பு நிறுவனங்களும் தலைக்கு ஒன்றாக இரண்டு ஆட்டங்களை அறிவித்தன. கேப்காமின் பங்கான ‘ஸ்ட்ரீட் ஃபைட்டர் கிராஸ் டெக்கன்’ 2012 மார்ச்சில் வந்தது. நாம்கோ செய்வதாகச் சொன்ன மறுபாதி வெளிவரவே இல்லை. வந்த பாதியிலும், 12 வீரர்கள் டிஸ்க்கிலேயே பதிந்திருந்தும் பிறகு தனி விலைக்கு விற்கப்பட்டது பெரிய சர்ச்சையானது. ஆகவே அறிவிப்பை நம்பி முன்பதிவு செய்ய வேண்டியதில்லை. வெளியான பிறகு இரண்டு வாரம் பொறுத்து, முதல் விலைக்கு எத்தனை வீரர்கள் கிடைக்கிறார்கள், எத்தனை பேர் பின்னால் வருகிறார்கள், இணைய ஆட்டம் எப்படி இருக்கிறது என்று பார்த்துவிட்டு வாங்குவதே சரி.

ஆனால் ஆறப்போட்டு ஐந்து ஆண்டு கழித்து வாங்கிக்கொள்ளலாம் என்றும் இருந்துவிடக் கூடாது. பங்காளிகளின் ஒப்பந்தம் முடிந்தால் ஆட்டம் கடையிலிருந்தே மறைந்துவிடும். ‘அல்டிமேட் மார்வெல் வெர்சஸ் கேப்காம் 3’ 2013 டிசம்பரில் டிஜிட்டல் கடைகளிலிருந்து நீக்கப்பட்டு, மூன்றாண்டு கழித்து 2016 டிசம்பரில்தான் பிளேஸ்டேஷன் 4-க்குத் திரும்பியது. அதனுடன் நீக்கப்பட்ட ‘மார்வெல் வெர்சஸ் கேப்காம் 2’ திரும்பி வர 2024 செப்டம்பர் ஆயிற்று. இலவசமாக வந்த ‘மல்டிவெர்சஸ்’ 2025 மே 30 அன்று மூடப்பட்டது. அதற்குள் இறக்கி வைத்திருந்தவர்கள் மட்டும் இணையம் இல்லாமல் ஆடிக்கொள்ளலாம். டிஸ்க்காகக் கிடைக்கும் ஆட்டத்தை டிஸ்க்காக வாங்குவதே என் வழக்கம். வீட்டில் இடத்தை அடைக்கிறது என்ற பேச்சைக் கேட்டுக்கொள்ள வேண்டியிருக்கும்.

இனி ட்ரெய்லரைப் படிக்கும் முறைக்கு வருவோம். படிப்பது என்றுதான் சொல்ல வேண்டும், ஏனென்றால் ஆட்டத்தின் எலும்புக்கூடு முழுவதும் அந்த இரண்டு நிமிடத்தில் ஒளிந்திருக்கும். யூடியூபில் தரத்தை 720பி60 அல்லது அதற்கு மேல் வைத்து, கணினியில் படத்தை நிறுத்திக்கொண்டு, காற்புள்ளி விசையை அழுத்தினால் ஒரு ஃப்ரேம், அதாவது ஓடும் காட்சியின் ஒரு தனிப் படம், பின்னாலும், முற்றுப்புள்ளி விசையை அழுத்தினால் ஒரு ஃப்ரேம் முன்னாலும் நகரும். சண்டை ஆட்டங்கள் பொதுவாக நொடிக்கு 60 ஃப்ரேம் ஓடுவதால், ஓர் அடி தொடங்கி எதிராளி மேல் படும் வரை எத்தனை ஃப்ரேம் ஆகிறது என்பதை விரல்விட்டு எண்ணிவிடலாம். மனிதக் கண் பார்த்து விரல் அசைவதற்கு ஏறக்குறைய கால் நொடி, அதாவது 15 ஃப்ரேம், ஆகும் என்று வைத்துக்கொண்டால், அதைவிடக் குறைவாக எண்ணிக்கை வரும் அடிகளைப் பார்த்துத் தடுக்க முடியாது, முன்கூட்டியே ஊகித்துத்தான் தடுக்க வேண்டும் என்பது ஆட்டம் வருமுன்பே தெரிந்துவிடும்.

அதைவிட முக்கியமானது திரையின் மேல் விளிம்பு. ஒரு பக்கத்துக்கு எத்தனை முகங்கள், வீரருக்கு மிச்சமிருக்கும் உயிரைக் காட்டும் உயிர்க்கோடுகள் எத்தனை என்று பாருங்கள். இரண்டு முகம், இரண்டு கோடு என்றால் 1996-இல் வந்த ‘எக்ஸ்-மென் வெர்சஸ் ஸ்ட்ரீட் ஃபைட்டர்’ தொடங்கி வைத்த ஆள் மாற்றும் முறையாக இருக்கலாம். அப்போதும் ஒருவர் வீழ்ந்ததும் என்ன ஆகிறது என்பதைக் கவனிக்க வேண்டும்: ‘ஸ்ட்ரீட் ஃபைட்டர் கிராஸ் டெக்க’னில் இருவரில் ஒருவர் வீழ்ந்தாலே சுற்று முடிந்துவிடும், மார்வெல் வரிசையிலோ மிச்சமிருப்பவர் தனியாகத் தொடர்ந்து ஆடுவார். முகங்கள் பல, கோடு ஒன்று என்றால் அது வேறு கணக்கு. 2025 ஜூனில் அறிவிக்கப்பட்ட ‘மார்வெல் டோகோன்’ ஆட்டத்தில் ஒரு அணிக்கு நால்வர் இருந்தும் உயிர்க்கோடு ஒன்றுதான். கண்டிப்பாகச் சொன்னால் அது ஒரே நிறுவனத்தின் வீரர்களைக் கொண்டது, கிராஸ்ஓவர் ஆகாது, ஆனாலும் இந்த வேறுபாட்டைப் புரிந்துகொள்ள அதைவிட நல்ல எடுத்துக்காட்டு இல்லை. கோடு பொதுவானால், ஆளை மாற்றி உள்ளே அனுப்பி உயிரைக் காப்பாற்றும் பழைய உத்தி அப்படியே செல்லாது.

கசிந்த பட்டியல்களில் நேரத்தைச் செலவிட வேண்டாம். 2018 அக்டோபரில் ‘சூப்பர் ஸ்மாஷ் பிரதர்ஸ் அல்டிமேட்’டுக்கு உண்மை போலவே ஒரு படம் கசிந்து, ஊர் உலகமே நம்பி, கடைசியில் பொய்யென்று ஆனது.

எலும்புக்கூடு தெரிந்ததும், அதற்குப் பொருந்தும் பழைய ஆட்டத்தைத் தேர்ந்தெடுங்கள். துணை வீரரை இடையில் அழைக்கும் முறை என்றால் ‘மார்வெல் வெர்சஸ் கேப்காம் 2’-க்கு இணை இல்லை: 56 வீரர்கள், அணிக்கு மூவர், ஒவ்வொருவருக்கும் மூன்று வகைத் துணைத்தாக்குதல். 2024-இல் வந்த மார்வெல் வெர்சஸ் கேப்காம் தொகுப்பில் அது மற்ற ஆறு பழைய ஆட்டங்களுடன் கிடைக்கிறது. பழைய ஆட்டம் என்பதால் சாதாரணக் கணினியிலும் ஓடும். ஒருவர் வீழ்ந்த பின் அடுத்தவர் வரும் முறை என்றால் 1994-இல் தொடங்கிய ‘கிங் ஆஃப் ஃபைட்டர்ஸ்’ வரிசையும், அணிக்கு நான்கு புள்ளி தந்து அவற்றை வீரர்களுக்குப் பங்கிடச் சொல்லும் 2001-ஆம் ஆண்டின் ‘கேப்காம் வெர்சஸ் எஸ்என்கே 2’-உம் பொருந்தும். ஆளை மேடையை விட்டுத் தள்ளும் வகை என்றால் ஸ்மாஷ்.

பழைய ஆட்டத்தில் எதைப் பழகுவது என்பதில்தான் எங்கள் குழு வெகுநாள் தவறியது. நாங்கள் நீண்ட காம்போக்களை, அதாவது இடைவிடாமல் தொடரும் அடிவரிசைகளை, மனப்பாடம் செய்தோம். புது ஆட்டத்தில் அவற்றில் ஒன்றும் வேலை செய்யவில்லை. மனப்பாடம் அழியும், பழக்கம் கூடவே வரும். துணை வீரரை அழைக்கும்போது உங்கள் வீரர் நகர்ந்துகொண்டே இருக்கிறாரா என்று பாருங்கள். நின்ற இடத்தில் அழைத்தால், எதிராளியின் ஒரே தாக்குதலில் இருவரும் சேர்ந்து மாட்டிக்கொள்வீர்கள். இப்படி இருவரும் ஒன்றாக அடிபடுவதை உலகெங்கும் ஆடுபவர்கள் ‘ஹேப்பி பர்த்டே’ என்கிறார்கள். அடிப்பவனுக்குப் பிறந்தநாள் பரிசு கிடைத்தது போல என்பது கணக்கு. அடுத்து, உயிர்க்கோட்டில் சிவப்பாக எஞ்சும் பகுதியைப் பாருங்கள்: வீரர் வெளியே இருக்கும்போது அது மெல்ல மீளும், ஆகவே எப்போது ஆளை மாற்றுவது என்பது ஒரு சேமிப்புக் கணக்கு. மூன்றாவது பழக்கம்தான் மிகக் கடினமானது. ஒரு வீரர் வீழ்ந்து அடுத்தவர் உள்ளே வரும் அந்த ஒரு நொடியில் எதிராளி எந்தப் பக்கத்திலிருந்து அடிப்பான் என்பதை யூகித்துத் தடுக்க வேண்டும். நாங்கள் இதற்காகவே ஞாயிறு மாலைகளில் தனியாக ஒரு மணி நேரம் ஒதுக்குகிறோம்: ஒருவர் உள்ளே வந்துகொண்டே இருப்பார், மற்றவர் அடித்துக்கொண்டே இருப்பார், அரை மணிக்கு ஒருமுறை இடம் மாறுவோம்.

உங்களுக்குப் பிடித்த வீரர் புது ஆட்டத்தில் எப்படி மாறுவார் என்பதையும் ஓரளவு கணிக்கலாம். வேறோர் ஆட்டத்துக்கு விருந்துக்குப் போகும் வீரர் கைமுறைகளைக் கொண்டுபோவார்; சக்திக்கணக்கை மட்டும் பெரும்பாலும் விருந்து தரும் வீட்டின்படி நடத்துவார். எஸ்என்கே நிறுவனத்தின் ஆட்டங்களிலிருந்து 2024-இல் ‘ஸ்ட்ரீட் ஃபைட்டர் 6’-க்கு வந்த டெரி போகார்டு தன் பவர் வேவ், பர்ன் நக்கிள் இரண்டையும் வைத்துக்கொண்டே, மற்றவர்களைப் போல அந்த ஆட்டத்தின் சக்திக்கோடான டிரைவ் அளவுக்கோட்டுக்குக் கட்டுப்பட்டார். இதற்கு மாறாக ‘டெக்கன் 7’-இல் ‘ஸ்ட்ரீட் ஃபைட்டர்’ வீரரான அகுமா, அங்குள்ள பெரும்பாலோருக்கு இல்லாத மீட்டர் என்னும் சக்திக்கோட்டையும் நெருப்புப் பந்தையும் தாவி வரும் தாக்குதலையும் முப்பரிமாணக் களத்துக்குள்ளேயே கொண்டுவந்தார், அதனால் அவரை எதிர்கொள்ளத் தெரியாமல் தடுமாறியவர்கள் ஏராளம். ஆகவே உங்கள் வீரரின் அடையாள அசைவுகளை மட்டும் கைக்குள் வைத்திருங்கள். கீழ், கீழ்-முன், முன் என்று சுழற்றிக் குத்தும் அசைவு எந்த வீட்டுக்குப் போனாலும் செல்லும் நாணயம்.

கருவிகளைப் பற்றி நீட்டிப் பேச விருப்பமில்லை. தொண்டைமானின் படைக்கலங்கள் நெய் பூசி மாலை சூடிப் பளபளப்பாக இருக்கின்றன, எங்கள் அதியமானின் வேல்களோ பகைவரைக் குத்தி நுனி சிதைந்து கொல்லன் பட்டறையில் கிடக்கின்றன என்று ஔவை சொன்னது நம் தகடூருக்காகத்தான். பட்டன் தேய்ந்த கன்ட்ரோலரைப் பார்த்து வெட்கப்பட வேண்டாம். கீபோர்டில் ஆடுபவர்கள் ஒரு சோதனை செய்துகொள்ளுங்கள்: நோட்பேடைத் திறந்து, ஆட்டத்தில் கீழே, முன்னே என்று வைக்கப்போகும் இரண்டு எழுத்து விசைகளைப் பிடித்துக்கொண்டு, குத்துக்கு வைக்கப்போகும் இரண்டையும் சேர்த்து அழுத்துங்கள். நான்கு எழுத்தும் திரையில் வராவிட்டால் அந்தக் கீபோர்டு சில அடிகளை விழுங்கிவிடும்; விசைகளை இடம் மாற்றி மறுபடி சோதியுங்கள். டிவியில் ஆடுபவர்கள் ‘கேம் மோட்’ என்ற அமைப்பை இயக்கினால், படத்தை அழகுபடுத்தும் வேலையில் வீணாகும் தாமதம் குறையும். கன்ட்ரோலருக்குப் பழுது பார்க்கவோ பாகம் வாங்கவோ பெங்களூரு எஸ்.பி. ரோட்டுக்குப் போக வேண்டியிருந்தால், வெளியீட்டுக்கு ஒரு மாதம் முன்பே போய் வந்துவிடுங்கள்.

இணைப்புத்தான் நம் ஊரில் ஆட்டத்தைத் தீர்மானிக்கிறது. இப்போதைய சண்டை ஆட்டங்களில் பல, ரோல்பேக் என்னும் முறையைப் பின்பற்றுகின்றன: எதிராளி அழுத்தியது வந்து சேரும் வரை காத்திராமல், அவர் என்ன அழுத்தியிருப்பார் என்று ஊகித்து ஆட்டம் ஓடும், ஊகம் தவறினால் சில ஃப்ரேம் பின்னே போய்த் திருத்திக்கொள்ளும். டோனி கேனன் 2006-இல் உருவாக்கிய ஜிஜிபிஓ என்ற மென்பொருளால் இந்த முறை பரவியது. பிங், அதாவது ஒரு செய்தி எதிராளியிடம் போய்த் திரும்ப ஆகும் நேரம், 60 மில்லிநொடி என்றால் ஒருவழிப் பயணம் 30, அதாவது இரண்டு ஃப்ரேமுக்குச் சற்றுக் குறைவு. அதை ரோல்பேக் எளிதில் மறைத்துவிடும். மறைக்க முடியாதது பிங் ஏறி இறங்குவதுதான். எனக்கு இணைப்புத் தந்த நிறுவனம் வேகத்தை மட்டுமே காட்டிப் பெருமைப்பட்டது. கடைசியில் வைஃபையை விட்டுவிட்டு ரவுட்டரிலிருந்து லேன் கேபிள் இழுத்த பிறகுதான் தொல்லை தீர்ந்தது. மின்வெட்டின்போது டிவி இன்வெர்ட்டரில் ஓடினாலும், ரவுட்டர் ஒரு கணம் அணைந்து எழுந்தால் ஆட்டம் போய்விடும். ரவுட்டருக்கென்று விற்கும் சிறிய யு.பி.எஸ். ஒன்றை மாட்டிவிடுங்கள்.

இறக்கிக்கொள்ளும் அளவையும் முன்பே கணக்கிடுங்கள். ‘டெக்கன் 8’ கணினியில் 100 ஜிபி இடம் கேட்கிறது. 40 எம்பிபிஎஸ் இணைப்பில் அவ்வளவையும் இறக்க ஐந்தரை மணி நேரத்துக்கு மேல் ஆகும். நாளொன்றுக்கு 2 ஜிபி தரும் செல்போன் திட்டத்தை நம்பினால் 50 நாள். முன்கூட்டியே இறக்கும் வசதி இருந்தால் நள்ளிரவில் ஓடவிடுங்கள். வீட்டில் இணைப்பு இல்லாத நண்பர், தன் கணினியைத் தூக்கிக்கொண்டு இன்னொருவர் வீட்டுக்கு வருவது எங்களிடம் வழக்கம். அன்று அந்த வீட்டில் களியும் கீரைக்குழம்பும் கூடுதலாக ஆகும்.

பீட்டா, அதாவது வெளியீட்டுக்கு முந்தைய சோதனை ஆட்டம், அறிவிக்கப்பட்டால் தவறாமல் பதிவு செய்யுங்கள். அங்கே வெற்றி தோல்வி முக்கியமில்லை. ஓர் இரவில் எத்தனை எதிராளிகள் கிடைக்கிறார்கள், அவர்களின் பிங் எவ்வளவு என்று குறித்து வைப்பதே போதும், வாங்குவதா வேண்டாமா என்ற கேள்விக்குப் பாதிப் பதில் அதில் இருக்கும்.

ஆட்டம் வந்த முதல் மாலையில் நேராக இணையத்துக்குள் போகாமல் பயிற்சி அறைக்குள் போங்கள். உங்கள் வீரரின் மிக விரைவான அடி எத்தனை ஃப்ரேம், தாவி வருபவரை எந்த அடி வானத்திலேயே நிறுத்துகிறது, துணை வீரரை அழைத்த பிறகு மறுபடி அழைக்க எவ்வளவு நேரம் ஆகிறது, வீழ்ந்தவருக்கு அடுத்தவர் எந்த உயரத்திலிருந்து வருகிறார் என்ற நான்கையும் ஒரு நோட்டில் எழுதுங்கள். அதன் பிறகு ஆன்லைன் பொத்தானை அழுத்தலாம். இரவு பத்தரைக்கு மேல் எங்கள் தெருவில் இணைப்பும் சீராகிவிடும்.